ஜாக், ஃபிராங்க்: தண்டவாள முனையிலிருந்து போன கடிதங்கள்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கண்டத்தைக் கடந்து போட்ட முதல் ரயில் பாதையின் ஒப்பந்தக்காரர் ஒருவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன என்று படித்தேன். பாதை போட்ட விதம் பற்றி அதில் ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா, இல்லை வெறும் குடும்பக் கதைதானா?"

பாதை போட்ட விதம்தான் வேண்டும் என்றால் அந்தக் கடிதங்களுக்குப் போக வேண்டாம். பத்திரிகைக்காரர்கள் எழுதியதும் கம்பெனியின் கணக்குகளும் போதும். ஆனால் "வெறும் குடும்பக் கதை" என்று சொன்னீர்களே, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ரயில்வேயில் பாதைப் பிரிவில்தான் என் காலம் போனது. மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்றும் வேலையில் மாதக்கணக்கில் ஊர் ஊராகத் தங்கி, இன்லண்ட் லெட்டரில் இடம் போதாமல் மடிப்பு ஓரம் வரைக்கும் எழுதியவன் நான். பாதை வேலையில் பாதி, வீட்டைச் சமாளிப்பது. அந்தப் பாதியைக் கம்பெனி கணக்கில் யாரும் எழுதி வைக்க மாட்டார்கள்.

நீங்கள் படித்தது அநேகமாக ஜாக் கேஸ்மென்ட், ஃபிரான்சஸ் கேஸ்மென்ட் தம்பதியைப் பற்றி இருக்கும். ஜாக் 1829இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர் ஐல் ஆஃப் மேன் தீவிலிருந்து வந்தவர்கள். ஆள் ஐந்தே காலடி சொச்சம்தான். ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த படத்தில் கையில் சாட்டையோடு நிற்பார். உயரக் குறைவு அந்தப் படத்தில் உறுத்தவே உறுத்தாது. ஃபிரான்சஸ் 1840இல் ஒஹையோ மாநிலத்தின் பெயின்ஸ்வில் ஊரில் பிறந்தவர். கிளீவ்லாந்துக்குக் கிழக்கே, ஈரி ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் அது. அப்பா சார்லஸ் ஜென்னிங்ஸ் அடிமை முறையை எதிர்த்தவர், சட்டமன்றத்திலும் இருந்தவர். இருவருக்கும் 1857இல் கல்யாணம். வீட்டில் அவரைக் கூப்பிடும் பெயர் ஃபிராங்க். முதல் முறை படிப்பவர்கள் இதில் தடுமாறுவார்கள்: கடிதத்தில் வருகிற "ஃபிராங்க்" யாரோ நண்பர் அல்ல, மனைவி.

கல்யாணமான நாலாவது வருஷமே உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. ஜாக் ஒஹையோ படைப்பிரிவில் போய், கர்னலாகி, கடைசியில் ஜெனரல் பட்டத்தோடு 1865இல் திரும்பினார். போர்க்காலக் கடிதங்களும் இந்தத் தொகுப்பில் இருக்கின்றன. அதனால் 1866இல் அவர், கிழக்கிலிருந்து மேற்கே பாதை போட்டுக்கொண்டிருந்த யூனியன் பசிபிக் கம்பெனியோடு தண்டவாளம் போட ஒப்பந்தம் செய்தபோது இந்தத் தம்பதிக்குப் பிரிவு புதிது இல்லை. இந்தப் பெண் ஏற்கெனவே நாலு வருஷம் தபாலுக்குக் காத்திருந்து பழகியவர். போர் முடிந்தது, இனி வீட்டோடு இருப்பார் என்று நினைத்திருந்தால், ஒரு வருஷம்கூட முழுதாக நிலைக்கவில்லை.

சரி, வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதங்களின் அவசரம் புரியாது. 1865 முடிவில் யூனியன் பசிபிக் நெப்ராஸ்காவின் ஓமாஹாவிலிருந்து போட்டிருந்தது 40 மைல்தான். ஜாக்கும் தம்பி டானும் வந்த பிறகு 1866 முடிவில் அது சுமார் 300 மைல். இதற்கு அவர்கள் பெரிய இயந்திரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வேலையைச் சிப்பாய் அணிவகுப்பு மாதிரி வகுத்தார்கள், அவ்வளவுதான். குதிரை பூட்டிய தள்ளுவண்டியில் தண்டவாளம் வரும். இரண்டு பக்கமும் ஐந்தைந்து பேர் தூக்கி, சிலிப்பர் கட்டைமேல் வைத்து, அளவுக்கட்டையால் நாலடி எட்டரை அங்குலம் சரிபார்த்து நகர்வார்கள். பின்னால் ஆணி அடிப்பவர்கள், அவர்களுக்குப் பின்னால் மண் இறுக்குபவர்கள். ஒரு தண்டவாளம் கால் டன் எடை இருக்கும். மைலுக்குச் சுமார் 400 தண்டவாளம், ஒவ்வொன்றுக்கும் பத்து ஆணி. ஆட்கள் தூங்குவதற்கு எண்பது அடி நீளப் பெட்டிகளில் மூன்றடுக்குப் படுக்கைகள். அந்த ரயில், போட்ட தண்டவாளத்தின் மேலேயே நாள்தோறும் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே மாட்டு மந்தை நடந்து வரும், சாப்பாட்டுக்கு. எங்கள் காலத்து கேங்மேன்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் முறை ஒன்றும் பெரிதாக மாறவில்லை.

இனி கடிதங்களுக்கு வருகிறேன். என்னை முதலில் பிடித்து நிறுத்தியது அவற்றில் எழுதியிருப்பது அல்ல, அவை போய்ச் சேர்ந்த வழி. ஜாக் எழுதும் கடிதம் ஜாக் போட்ட தண்டவாளத்தில்தான் போக வேண்டும். அவர் இருப்பது பாதையின் கடைசி முனையில். அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்தால் ஓமாஹாவுக்குத் திரும்புகிற வண்டியில் போகும். ஒவ்வொரு நாளும் இரண்டு மைல், மூன்று மைல் வேலை முடிக்க முடிக்க வீடு அவ்வளவு தூரம் தள்ளிப் போகிறது. ஆனால் வீட்டுக்குத் தபால் போகும் வழியும் அவ்வளவு நீள்கிறது. நன்றாக வேலை செய்தால் தூரம் கூடும். வேலை நின்றால் திட்டு விழும், சம்பாத்தியம் போகும். இந்தச் சிக்கலை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், "இந்த வாரம் இத்தனை மைல்" என்று அவர் எழுதும் சாதாரண வரிகூட வேறு மாதிரி கேட்கும்.

ஓமாஹா வரைக்கும் வந்துவிட்டால் போதாது. முதல் வருஷத்தில் ஓமாஹாவுக்குக் கிழக்கேயிருந்து ரயிலே கிடையாது. ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் கவுன்சில் பிளஃப்ஸுக்கு சிகாகோ பக்கத்து ரயில் வந்து சேர்ந்தது 1867 ஜனவரியில்தான். மிசௌரி ஆற்றின் மேல் நிரந்தரப் பாலம் வந்தது 1872இல், அதாவது கண்டம் கடந்த பாதை திறந்து மூன்று வருஷம் கழித்து! அதுவரை தண்டவாளம், இன்ஜின், மனிதர்கள், கடிதம் எல்லாம் பெரும்பாலும் படகில்தான் ஆற்றைக் கடந்தன. தபால் கட்டணம் மட்டும் சுலபம்: 1863 முதல் எவ்வளவு தூரமானாலும் அரை அவுன்ஸுக்கு மூன்று சென்ட். பனிக்காலத்தில் இதுவும் உதவாது. 1869 பிப்ரவரியில் வயோமிங்கில் பனி மூடி, ரயில்கள் மூன்று வாரம் போல நகராமல் நின்றன.

தந்தி இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, பாதையோடு சேர்ந்தே கம்பம் நட்டுக்கொண்டு போனார்கள். அது இன்னொரு தொல்லை. 1867 ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் பிளம் கிரீக் அருகே செயென் என்னும் பூர்வகுடி வீரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்து ஒரு சரக்கு ரயிலைக் கவிழ்த்தார்கள், ஆட்கள் இறந்தார்கள். இந்த மாதிரிச் செய்தி தந்தியில் பறந்து பத்திரிகைக்கு வந்துவிடும். "நான் நன்றாக இருக்கிறேன்" என்கிற கடிதமோ படகேறி, ரயில் மாறி, பின்னால் வரும். ஃபிராங்கின் கவலைகளைப் படிக்கும்போது, அவர் இல்லாததை எல்லாம் கற்பனை செய்து பயப்படுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குக் கெட்ட செய்தி எப்போதும் முதலில் வந்தது.

ஜாக்கின் கடிதங்கள் பெரும்பாலும் குட்டையானவை. வேலை முடிந்து களைத்துப் போனவன் கையெழுத்து. வானிலை, இரும்பு வந்ததா இல்லையா, ஆட்கள், எத்தனை மைல், எப்போது வர முடியும். 1868இல் வேலை வேகம் பிடித்தபோது ஒரு நாளைக்கு மூன்று மைலுக்கு மேல் போடப் போகிறோம் என்று உற்சாகமாக எழுதுகிறார். பிற்பாடு, யூட்டா மலைகளுக்குள் வந்த பிறகு, வீட்டு நினைப்பு தாங்கவில்லை, தோட்ட வேலை செய்யலாம், ஒரு வீடு கட்டலாம் என்று தோன்றுகிறது என்கிறார். சாட்டை பிடித்த ஜெனரலிடமிருந்து இந்தத் தோட்ட ஆசை வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்புறம் யோசித்தால் அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. தினமும் இடம் மாறுகிறவனுக்கு, நட்ட செடி மறுநாளும் அதே இடத்தில் இருக்கும் என்பதே பெரிய சுகம்.

ஃபிராங்கின் கடிதங்கள் இன்னும் கனமானவை, என் கணக்கில் இன்னும் நல்லவை. திரும்பத் திரும்ப வரும் கவலை குடி. பாதை முனையோடு சேர்ந்தே நகர்ந்த கூடார ஊர்கள் உண்டு: நார்த் பிளாட், ஜூல்ஸ்பர்க், செயென், பெண்டன். சம்பளக் காசைக் கறக்க சாராயக் கடை, சூதாட்டம் எல்லாம் அங்கே முதல் நாளே வந்துவிடும். அந்தச் சூழலில் கணவன் எப்படி இருக்கிறான் என்று ஊரில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? கெஞ்சுவார், நினைவூட்டுவார், உன்னை நீ கட்டுக்குள் வைத்துக்கொள் என்பார். சிலர் இதை மதவாதப் புத்திமதி என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பந்தக்காரர் குடித்துக் கெட்டால் போவது அவர் பெயர் மட்டுமல்ல. அக்காலத்துச் சட்டத்தில் மனைவிக்குச் சொந்தமாக அதிகம் ஒன்றும் கிடையாது. அவர் பேசுவது சோற்றுப் பிரச்சினையும்கூட.

குழந்தைகள் விஷயம் இன்னும் கொடுமை. மூன்று மகன்களில் இரண்டு பேர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். பிழைத்தவன் டான், 1868 ஜூலை 13 அன்று பெயின்ஸ்வில்லில் பிறந்தான். அந்த மாதம் பாதை வயோமிங்கில் பெண்டன் என்னும் புழுதிக்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது, ஓமாஹாவிலிருந்து ஏறக்குறைய 700 மைல். பாதையின் வரலாற்றில் 1868 என்றால் அதிக மைல் போட்ட சாதனை வருஷம். அந்த வீட்டில் 1868 வேறொரு வருஷம். இரண்டையும் ஒரே காகிதக் கட்டில் பார்க்க முடிவதுதான் இந்தத் தொகுப்பின் பலம்.

இதே பாதையில் கட்டுமான மேற்பார்வையாளராக இருந்த சாமுவேல் ரீடும் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில் இருந்த மனைவி ஜென்னிக்கு நிறைய எழுதியிருக்கிறார். ரீட் ஊர்களைப் பார்த்து எழுதுவதில் ஜாக்கைவிடக் கெட்டிக்காரர். 1867இல் ஜூல்ஸ்பர்க் மாயம் போல வளர்வதையும், பட்டப்பகலில் வெட்கமில்லாமல் அக்கிரமம் நடமாடுவதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அந்த ஊரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் துப்பாக்கிக் கதைகளில் பல, பல வருஷம் கழித்து வயதான ஜெனரல்கள் நினைவிலிருந்து சொன்னவை. ரீடின் வரிகள் அந்த இடத்தில், அந்த மாதத்தில் எழுதியவை. எதை நம்புவது என்று என்னைக் கேட்டால், பெண்டாட்டிக்கு எழுதியதைத்தான். அதிலும் கொஞ்சம் மறைப்பு இருக்கும், ஆனால் வீரக்கதை கட்ட அவகாசம் இருக்காது.

எதிர்ப்பக்கத்தில், கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய சென்ட்ரல் பசிபிக்கின் முதல் பொறியாளர் தியோடர் ஜூடாவும் அவர் மனைவி ஆனாவும் வேறு விதம். ஆனா வீட்டிலேயே இருந்தவர் இல்லை. சியரா மலைகளுக்கு அவரோடு போய் ஓவியம் வரைந்தவர். ஜூடா 1863இல் பணம் திரட்ட நியூயார்க் கிளம்பி, பனாமா வழியில் மஞ்சள் காய்ச்சல் தொற்றி, நவம்பர் 2 அன்று இறந்தார். பாதை இணைந்த நாள் 1869 மே 10. அது அவர்கள் கல்யாண நாள். பிற்காலத்தில் அந்த அம்மா எழுதிய நினைவுக் கடிதம் இருக்கிறது, தேடிப் படியுங்கள்.

இந்தக் கடிதங்களில் இல்லாததையும் சொல்லாமல் விடக் கூடாது. ஜாக்கும் ரீடும் செயென், சூ மக்களைப் பற்றி எழுதும்போது அது ஆபத்து, இடைஞ்சல் என்கிற பார்வைதான். யாருடைய நிலத்தில் கட்டை போடுகிறோம், எந்த எருமை மந்தையின் வழியை வெட்டுகிறோம் என்கிற கேள்வியே அங்கே எழாது. தண்டவாளம் தூக்கிய ஐரிஷ்காரர்களும், போர் முடிந்து வந்த சிப்பாய்களும் "ஆட்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

சென்ட்ரல் பசிபிக் பக்கம் இந்த மௌனம் இன்னும் ஆழம். அங்கே மலையைக் குடைந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள். பெரும்பாலும் குவாங்டோங் கரையோரத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஊருக்குப் பணமும் கடிதமும் அனுப்பினார்கள். ஆனால் பாதை வேலையில் இருந்த ஒரு சீனத் தொழிலாளி எழுதிய கடிதம் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பல வருஷம் அமெரிக்காவிலும் சீனாவிலும் தேடினார்கள். ஒப்பந்தக்காரர் வீட்டில் அலமாரி இருந்தது, அதில் வைத்துப் பூட்ட ஆள் இருந்தார், பிறகு கேட்டு வாங்க ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதனால் ஜாக்கின் கடிதம் நம் கைக்கு வருகிறது. சீனக் கிராமத்து மனைவிகள் என்ன எழுதினார்கள், குடியைப் பற்றியா, குழந்தையைப் பற்றியா, ஒன்றும் சொல்ல முடியாது. ஃபிராங்கின் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலி இடம் நினைவுக்கு வரும்.

பிற்பாடு இந்தத் தம்பதிக்கு என்ன ஆனது என்றும் கேட்பீர்கள். பாதை முடியும் தறுவாயில் ஜாக் வயோமிங் பிரதேசத்தின் பிரதிநிதி என்று தேர்ந்தெடுக்கப்பட்டு வாஷிங்டன் போனார். பிரதேசமே இன்னும் முறையாக அமைக்கப்படவில்லை என்பதால் காங்கிரஸில் இடம் கிடைக்கவில்லை. அதே வயோமிங்தான் 1869 டிசம்பர் 10 அன்று பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. யூனியன் பசிபிக் கடைசியில் ஒப்பந்தக்காரர்களுக்கும் வேலையாட்களுக்கும் பெரிய பாக்கி வைத்தது. மே மாதப் பாதை இணைப்பு விழாவுக்குப் போன கம்பெனி துணைத்தலைவர் டூரன்ட்டின் ரயில் பெட்டியையே வழியில் பீட்மாண்டில் கூலி பாக்கிக்காக ஆட்கள் மறித்து வைத்தார்கள். விழா 8ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது. ஜாக் ஆசைப்பட்ட வீடும் வந்தது: 1870இல் மாமனார் ஜென்னிங்ஸ் பெயின்ஸ்வில்லில் கட்டினார், இன்னும் நிற்கிறது. ஆனால் மனிதர் அடங்கவில்லை. ஒஹையோ செனட்டில் இருந்தார், மறுபடி பாதை போடப் போனார், அறுபத்தெட்டு வயதுக்கு மேல் மகன் டானையும் கூட்டிக்கொண்டு கோஸ்டாரிகா வரை போனார். 1909இல் இறந்தார்.

ஃபிராங்க் 1883இல் பெயின்ஸ்வில்லில் சம உரிமைச் சங்கம் தொடங்கினார், 1885 முதல் ஒஹையோ மாநிலப் பெண் வாக்குரிமைச் சங்கத்தின் தலைவர். பெண் வாக்குரிமைப் போராளி சூசன் பி. அந்தோணியோடு பழக்கம். தனியாகக் குடும்பம் நடத்திய அந்த வருஷங்கள்தான் அவரைப் போராளியாக்கின என்று எழுதுபவர்கள் உண்டு. அவ்வளவு நேர்க்கோடாக எனக்குத் தோன்றவில்லை. அடிமை ஒழிப்பு பேசிய வீட்டில் வளர்ந்தவர், விதை முதலிலேயே இருந்தது. ஆனாலும் 1860களின் கடிதங்களில் எப்போது வருவாய் என்று கேட்கிற இளம்பெண்ணையும், இருபது வருஷம் கழித்து மேடையில் நிற்கும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சும்மா கடந்துபோக முடியவில்லை. அவர் 1928 வரை இருந்தார். 1920இல் நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்கு வந்ததைப் பார்த்தார். ஜாக் பார்க்கவில்லை.

படிக்கப் போகிறீர்கள் என்றால் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். 1866 அக்டோபரில் பாதை நூறாவது தீர்க்கரேகையைத் தொட்டது, 1867 நவம்பரில் செயென், 1868 ஏப்ரலில் எட்டாயிரம் அடிக்கு மேலான ஷெர்மன் உச்சி, மே மாதத்தில் லாரமி, 1869 மே 10இல் இரண்டு பக்கப் பாதையும் இணைந்த பிராமன்டரி. கடிதத்தின் தேதியை இதோடு பொருத்தினால் அவர் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார் என்று தெரியும். ஃபிராங்கின் கடிதத்தை முதலில் படியுங்கள், ஜாக்கின் பதிலை அப்புறம். பலரும் தலைகீழாகப் படித்து, அவரை வெறும் புலம்பலாக ஆக்கிவிடுகிறார்கள்.

தொகுப்பு வயோமிங் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஹெரிட்டேஜ் சென்டரில் இருக்கிறது. அது இருக்கும் ஊர் லாரமி. 1868 மே மாதம் ஜாக்கின் ஆட்கள் தண்டவாளம் கொண்டுபோய் விட்டபோது கூடாரங்களும் பலகைக் குடிசைகளுமாகக் கிடந்த அதே ஊர்.